எண் இல்லாத தண்டு

சூசைதாசனின் பழைய இரும்புக் கடையில்
கிறீசும் மணலும் பூசிக் கிடந்தது.
"ஏ போர்ட்டியின்ர காம்சாஃப்ற்" என்றான்.
எங்கே போட்டிருக்கு என்றேன்.
"விலையில போட்டிருக்கு."

ஒன்பதாயிரம். ஞாயிற்றுப் பேப்பரின்
மரண அறிவித்தல்களில் சுற்றித் தந்தான்.
கொக்குவில் வரைக்கும் சைக்கிள் பாரில்
முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது.

மண்ணெண்ணெயில் கழுவி
கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன்.
வார்ப்பு எண் இல்லை. குத்திய எண் இல்லை.
முனையில் யாரோ அரம் போட்ட இடம்,
எண்ணை அழித்த இடமா
பிசிறு எடுத்த இடமா, தெரியாது.

எண்ணக் கூடியதை எண்ணினேன்.
கழுத்து மூன்று. மேடு எட்டு.
டிஸ்ரிபியூட்டரைச் சுழற்றச் சரிவாய் வெட்டிய பல்.
பக்கத்தில் மையம் விலகிய ஒரு வட்டம்,
பெற்றோல் பம்பின் கையை உதைப்பதற்கு.
அப்படியெண்டால் மொறிஸ் மைனர் இல்லை,
அதன் பம்பு கரண்டில் ஓடுவது.

ரியூசனில் ஒரு பெட்டை விட்டுப்போன பாகைமானியை
தண்டின் முனையில் பசை போட்டு ஒட்டி
கடன் வாங்கிய டயல் கேஜை நிறுத்தினேன்.
ஐந்து பாகைக்கு ஒரு வாசிப்பு,
மேட்டுக்கு எழுபத்திரண்டு,
எல்லாமாய் ஐந்நூற்று எழுபத்தாறு.
சதுரக்கோட்டுத் தாளில் எட்டு வளைவும் வந்தன
ஒன்றை ஒன்று பார்த்து எழுதினதுபோல.
மூன்றாம் சிலிண்டரின் புகைபோகும் மேடு மட்டும்
பதினொரு தௌ கட்டை.

இரவு ஏழரைக்கு என் விடை:
சமசெற்றாக இருக்கலாம். டெவனாகவும் இருக்கலாம்.
இருக்கலாம் என்று எழுதும் பிள்ளைக்கு
நான் புள்ளி போடுவதில்லை.

நைற் டியூட்டிக்கு வெளிக்கிட்ட ஜெசிந்தா
மேசையடியில் நின்றாள்.
வெள்ளைச் சட்டையில் படாமல் ஒரு விரல் நீட்டி
அந்தப் பம்பு வட்டத்தைத் தொட்டாள்.
"இது மட்டும் ஏன் புதுசாக் கிடக்கு?"

ஐந்நூற்று எழுபத்தாறில்
அதற்கு ஒன்றுகூட நான் ஒதுக்கவில்லை.
மேடுகள் மழுங்கிப் பளபளக்க
இதில் கடைச்சல் உளி போன கோடுகள்
இசைத்தட்டுப்போல அப்படியே இருந்தன.

"பம்பு கழற்றின கார்" என்றாள்.
"போனற்றுக்குள்ள சேலைன் போத்தில் கட்டி
மண்ணெண்ணெய் இறக்கினவை.
வாட்டில ரியூப் காணேல்லை எண்டு
மேற்றன் எங்களைத்தான் ஏசுறவ."
நேரத்தைப் பார்த்தாள். ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கையால் போய்த் தேய்ந்தது.

பம்பு கழற்றிய பிறகு போட்ட தண்டு.
ஆணியே வராத காலத்தில்
இங்கிலாந்துத் தண்டு எப்படி வரும்?
உளிக்கோட்டைத் திரும்பப் பார்த்தேன்.
கம்பனி என்றால் இதையும் அரைத்திருக்கும்.
சரிந்த பல்லில் ஒன்று கையால் முடித்த பல்.
எண் அழிக்கப்படவில்லை. எண் இருக்கவேயில்லை.

பார்த்து எழுதினவனை நான் பிழையில்தான் பிடிப்பேன்,
இரண்டு தாளிலும் ஒரே பிழை இருக்கும்.
இவனுக்குக் கிடைத்த மாதிரித் தண்டிலும்
மூன்றாம் மேடு பதினொரு தௌ தேய்ந்திருந்ததோ?
அப்படியே பெயர்த்தானோ?
யார், எந்தப் பட்டறை,
ஜெனரேற்றருக்கு எண்ணெய் எங்கால்,
டயல் கேஜ் சொல்லாது.

ஒன்றுதான் விளங்கவில்லை.
ஒரு துளி பெற்றோல் இல்லாத ஊரில்
பம்பே கழற்றிய காருக்கு
அந்த வட்டத்தை எதற்கு வெட்டினான்?
விட்டிருந்தால் ஒரு நாள் வேலை மிச்சம்.

மூன்றாவதை உருக்கி ஒட்டி அரைக்கச்
சுன்னாகத்தில் ஆறாயிரம் கேட்கிறார்கள்.
என் காரில் பம்பு இருக்கிறது.